ஈர்க்கால் அளந்த பாதம்

எங்கள் பிசியோதெரபிப் பகுதி புதுக் கட்டடத்துக்கு மாறியபோது வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பாதணியோடு உள்ளே வரலாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தரை வழுவழுப்பான ஓடு, துடைப்பது சுலபம், நோயாளிகளுக்கும் குளிராது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சேர், பழைய வாசல் செருப்புக் குவியலத் தேடுறீங்களா?" என்று இளையவர்கள் கேலி செய்தார்கள்.

"ஆமா, தேடுறேன்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். இப்போது பென்ஷன்காரன். சாக்குச் சொல்ல வழியில்லை.

நான் கண்டி நகரத்துப் பிள்ளை. அப்பா மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்தார். டொக்டருக்குப் படிக்க மார்க்ஸ் போதவில்லை. கிளார்க் வேலைக்குப் போக மனம் வரவில்லை. கொழும்பில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அங்கே எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹொஸ்டல் சாம்பாரைச் சபித்தேன், பரீட்சை பாஸ் பண்ணினேன். சொந்த ஊரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே நியமனம் கிடைத்தது. வேலை என்றால் என்ன என்று நான் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் பகுதிக்குத் தலைமை பரமேஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பல வருஷமாகியும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. நெட்டையானவர். சேலைக் கரை எப்போதும் தரையைத் தொடும். புன்னகை அபூர்வம். யாராவது நன்றி சொன்னால், "சரி, சரி, போய் வேலையைப் பாரும்" என்று துரத்திவிடுவார். முதல் மாதம் முழுக்க அவரைக் கண்டாலே நான் வேறு பக்கம் நழுவிவிடுவேன்.

பாதம், கணுக்கால் தொல்லைக்காரர்களுக்கு வாரத்தில் ஒரு கிளினிக் நாள் இருந்தது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பௌத்தர்களின் பன்சலைக்கோ போகிற மாதிரி எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போவது மரியாதையில்லை என்று எங்கள் சனங்களுக்கு ஒரு நினைப்பு. சப்பாத்தோடு உள்ளே நடப்பவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்களாகிய நாங்கள் மட்டும்தான். இதில் என்ன வேடிக்கை என்றால், கால் நோவுக்கு மருந்து தேடி வருகிறவர்கள் அந்த நோவுக்குப் பாதிக் காரணமான சாமானை வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். வேறு யாராவது என்றால் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். மிஸ் அப்படியல்ல.

கிளினிக் தொடங்குவதற்கு முன் மிஸ் வாசலுக்குப் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பு வரிசையின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் மெல்ல நடப்பார். ஒவ்வொரு சோடியின் முன்பும் குனிவார். தொடமாட்டார். இதற்கு நாங்கள் 'ஊர்வலம்' என்று பெயர் வைத்திருந்தோம், அவருக்குக் கேட்காமல்தான். குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, வார் எங்கே தைத்திருக்கிறது, உட்பக்கத்தில் எந்த விரலின் பள்ளம் ஆழம், எந்த விரலுக்குப் பள்ளமே விழவில்லை என்று பார்ப்பார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து, "மோகன், அந்த மண்ணிறச் செருப்புக்காரரை முதல்ல கூப்பிடும். அவரால கனநேரம் இருக்க ஏலாது" என்பார். கூப்பிட்டால் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி வருவார்.

நானும் பின்னால் நடந்து பழகினேன். "என்ன கண்டனீர்?" என்று கேட்பார். "செருப்புத் தேஞ்சிருக்கு மிஸ்." "அது நடந்தால் தேயும்தானே. எந்தப் பக்கம்? வடிவாப் பாரும்." மறுபடி போய்ப் பார்ப்பேன். அப்படித்தான் எனக்குக் கண் திறந்தது. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் முகத்துக்கு முன் செருப்பைப் பார்த்துவிடுகிறேன். மனைவி திட்டுவாள்.

அந்தக் கிளினிக்குக்கு அதிகமாக வந்தது பெருவிரல் முண்டுதான். ஆங்கிலத்தில் அதற்கு பனியன் என்று பெயர். முதல் தடவை கேட்கிறவர் உள்சட்டை என்று நினைத்து விழிப்பார். பெருவிரலின் அடி மூட்டு உட்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்துவிடும். எலும்பு வளர்ந்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டு வருவார்கள். புது எலும்பு அநேகமாக ஒன்றும் வளர்வதில்லை. இருந்த எலும்புதான் வரிசை குலைந்து வெளியே தலை நீட்டுகிறது. தாய் தகப்பனிடமிருந்து வருகிற பாத அமைப்பு ஒரு காரணம். முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து அதை மோசமாக்கும், நோவைக் கிளப்பும்.

கலகெதரயில் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் வந்தார். இரண்டு காலிலும் முண்டு, ஆனால் பெரிய நோவு கிடையாது.

"மிஸ், இத வெட்டி எடுத்துருங்க. மகன்ட கலியாணத்துக்குப் புதுச் சப்பாத்துப் போடோணும். எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் இரிந்திச்சு, அவர் பேசாம இரிந்துட்டார்."

"கலியாணம் மகனுக்கோ, உங்களுக்கோ?"

"மகனுக்குத்தான்."

"அப்ப பொம்பிளை வீட்டுக்காரர் உங்கட காலைப் பாக்கமாட்டினம். அகலமான செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கோ. வடிவுக்காக ஒருத்தற்ற காலிலயும் கத்தி வைக்கிறதில்லை."

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். கலியாணம் முடிந்து எங்கள் எல்லாருக்கும் வட்டிலப்பம் அனுப்பினார். செருப்போடு போனதாகவும் தலை போகவில்லை என்றும் சொல்லியனுப்பினார்.

ஹாஜியாருக்கு முண்டு என்பது அழகுப் பிரச்சினை. ஓடுகிறவர்களுக்கு அப்படியல்ல. ஓடும்போது கால் தரையை விட்டு எழும்பும் கடைசி நேரத்தில் உடம்புப் பாரம் முழுக்கப் பெருவிரல் மேல்தான் ஏறும். அந்த விரல்தான் உந்தித் தள்ளும். அது சாய்ந்துவிட்டால் பாரத்தைத் தாங்காது, பக்கத்து விரலின் தலையில் போட்டுவிடும். பக்கத்து விரல் பாவம், அந்த வேலைக்குப் பிறந்ததல்ல. அதன் அடியில் தோல் தடிக்கும், பிறகு எரியும். பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் எலும்பில் கீறல்கூட விழலாம். நோவுக்குப் பயந்து ஓட்டக்காரர் பாதத்தைச் சரித்து வைப்பார். அதனால் முழங்கால் நோகும், இடுப்பு நோகும். ஒரு விரல் கோணினால் முழு ஆளும் கோண வேண்டியதுதான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். செல்வராணி வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தாள். இருபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பேசும்போது தரையைப் பார்ப்பாள். கொழுந்து பறிக்கிற பெண். ஆனால் தோட்டத்து விளையாட்டுப் போட்டிகளில் தொடங்கி, நீண்ட தூர ஓட்டத்தில் மாவட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். கொழும்பில் ஒரு கொம்பனி ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துத் தன் பெயரில் ஓட வைத்துக்கொண்டிருந்தது. கண்டியில் நடக்கவிருந்த ஒரு வீதியோட்டத்துக்கு அவர்களுடைய ஆள் வருவதாக இருந்தது. அவன் கண்ணில் பட்டால் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், மலையை விட்டு இறங்க ஒரு வழி. அவளுக்கு இருந்த ஒரே வழியும் அதுதான். அந்த நேரம் பார்த்து வலது கால் பெருவிரல் முண்டு சிவந்து வீங்கி நின்றது. இரண்டாவது விரலடியில் தோல் காய்த்துப் போயிருந்தது.

மிஸ் ஊர்வலம் போனார். செல்வராணியின் செருப்பு நல்ல அகலம். அநேகமாகப் புதுசு. எந்த விரலுக்கும் பள்ளம் இல்லை.

"ஓடுறது எதில பிள்ளை?"

"சப்பாத்துலதாங்க மிஸ்."

"அடுத்த முறை அதைக் கொண்டு வாரும்."

கொண்டுவந்தாள். கென்வஸ் சப்பாத்து. கழுவி, வெள்ளை பூசி, பளிச்சென்று இருந்தது. அதுவும் தாராளமான அகலம். மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்தச் சப்பாத்து ஒண்டும் கதைக்குதில்லை, மோகன்."

எந்த விரல் நோகிறது என்று அது எதையும் சொல்லவில்லை. சப்பாத்தில் பிழை இல்லையென்றால் பிழை பாதத்தில்தான். அம்மாவுக்கும் இதே முண்டு இருக்கிறது என்று அவள் சொன்னதும் அது உறுதியானது போலிருந்தது. விரல்களுக்கிடையே வைக்கப் பஞ்சுத் திண்டு செய்து கொடுத்தோம். விரல்களை விரிக்கவும், பாத வளைவை இறுக்கிப் பிடிக்கவும், கெண்டைக்காலை இழுத்து நீட்டவும் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். இவை கோணிய எலும்பை நிமிர்த்தாது, ஆனால் நோவைக் குறைக்கும். ஒன்றையும் விடாமல் செய்தாள். நோவு குறையவில்லை. ஓடாத நாட்களில் சுகம். ஓடினால் மறுபடி வீக்கம்.

மிஸ் அவளை எலும்பு டொக்டரிடம் காட்டினார். டொக்டர் அவசரப்படாத மனிதர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "ஒபரேஷன் செய்யலாம். விரல் நேராகும். ஆனால் மாதக்கணக்கில் ஓட முடியாது. அதுக்குப் பிறகும் விரல் முந்தி மாதிரி மடங்கி உந்துமா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சப்பாத்தால் வந்த நோவென்றால் சப்பாத்தை மாற்றிப் பார்க்கலாம். சப்பாத்து சரியென்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியென்றால் இந்த ஓட்டத்தை விடச் சொல்லுங்கள். எலும்பு முறிந்துவிட்டால் எல்லாமே போய்விடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த கிளினிக்கில் முடிவைச் சொல்லி அவளுடைய பெயரைப் போட்டியிலிருந்து எடுக்கச் சொல்வதென்று தீர்மானமானது.

அந்தச் செய்தியைச் சொல்வது என் தலையில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க அதை எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக் நாள் காலை, குட்ஷெட் பஸ் தரிப்பிடத்தில் நான் இறங்கினேன். தூறல். ஹேவாஹெட்ட பஸ் வந்து நின்றது. செல்வராணி இறங்கினாள். காலில் வார் அறுந்து ஊசி குத்திய ரப்பர் செருப்பு. ஓரமாகப் போய், ஒரு பையிலிருந்து அந்த அகலமான நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். ரப்பர் செருப்பைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள்.

எனக்கு நடு ரோட்டில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சனங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி உடுத்திக்கொண்டு வருவார்கள். இருப்பதில் நல்லதை, இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது. இவ்வளவு நாளும் நாங்கள் வாசலில் குனிந்து குனிந்து பார்த்தது யாருடைய செருப்பையோ!

ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "பாவம் பிள்ளை. நான் செருப்பைப் பாக்கிறன் எண்டு வர முன்னமே கேள்விப்பட்டு, நல்லதாய்ப் பாத்துக் கொண்டந்து வைச்சிருக்கிறாள்" என்றார்.

செல்வராணி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மிஸ் கதிரையை அவள் முன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எங்களில் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கி, தன் கறுப்புச் சப்பாத்துகளைக் கழற்றி அவள் முன் வைத்தார். இரண்டிலும் பெருவிரல் பக்கம் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. ஓரம் சுற்றிக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. மிஸ்ஸின் வெறும் பாதங்களைப் பார்த்தேன். இரண்டிலும் செல்வராணியினதைவிடப் பெரிய முண்டு. அத்தனை வருஷம் கூட வேலை செய்தும் எனக்குத் தெரியாது.

"இது என்ர சப்பாத்து பிள்ளை. நல்ல விலை குடுத்து வாங்கினது. நோகுது எண்டு வெட்டிப்போட்டன். ஆரும் பாக்கக் கூடாதெண்டு சேலையைப் பதிச்சுக் கட்டுறனான். இப்ப நீர் உம்மட சப்பாத்தைக் காட்டும்."

செல்வராணி அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையின் அடியில் கைவிட்டு ஒரு சோடி ஓட்டச் சப்பாத்தை எடுத்தாள். நீல நிறம், கடையில் வாங்கிய நல்ல சாதி. ஆனால் முன்பக்கம் ஒடுங்கியது. வலது சப்பாத்தில் முண்டு இடித்த இடம் பிதுங்கிக் கிழிய இருந்தது. உள்ளே இரண்டாவது விரலின் பள்ளம் கிணறு மாதிரி.

"ஒவ்வொரு தடவையும் கொண்டாந்தேங்க மிஸ். எடுக்கத்தான் மனசு வரல" என்றாள். அதன் பிறகு நிறுத்த முடியாமல் பேசினாள். "இது எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது. கொழும்புல புடவைக் கடையில நிக்கிறாரு. பொம்பளப் புள்ள கால்சட்ட போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடுறதான்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் ஏசுனாங்க. அவரு ஒருத்தர்தான் ஓடுன்னு சொன்னாரு. சாமி காலடியில வச்சுப் பூச போட்டுத்தான் மாட்டுனேன். மொத ஓட்டத்துலயே ஜெயிச்சேன். தோட்டத்து டிஸ்பென்சரில இத வீசச் சொன்னாங்க. எப்படிங்க மிஸ் வீசுறது? அண்ணன் குடுத்ததக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிருமே."

வாசலில் வைத்த செருப்பு அண்ணியுடையது. கென்வஸ் சப்பாத்து கூட ஓடுகிற சிநேகிதியுடையது.

"அண்ணா எப்பிடி அளவு எடுத்தவர்?"

"ஈர்க்குலதாங்க. நான் அளந்து அனுப்பினேன்."

மிஸ்ஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊர்களில் எல்லாரும் செய்கிற வேலைதான். டவுனுக்குப் போகிறவரிடம் செருப்பு வாங்கிவரச் சொன்னால், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, குதியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, முறித்துக் கொடுத்துவிடுவோம். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் வாங்கினாள். ஈர்க்கு நீளத்தைச் சொல்லும். அகலம் அதற்குத் தெரியாது. தேயிலை மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதைக் கொழும்புச் சப்பாத்துக்குள் திணித்தால், பிறவியிலேயே சாயப் பார்த்த விரல் வேறு என்ன செய்யும்?

நான் உடனே கத்தரிக்கோலைத் தேடினேன். முண்டு இடிக்கும் இடத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. மிஸ் என் கையைத் தடுத்தார்.

"பொறும். இதில கத்தி வைக்கிறதெண்டால் அந்த அண்ணாவைக் கேட்டிட்டுத்தான்."

"வேணாம் மிஸ், அவருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று செல்வராணி அழத் தொடங்கினாள்.

"தெரியாமல் வெட்டினால், ஓடுற நேரம் முழுக்க அதைத்தான் யோசிப்பீர். கால் நோகாது, மனசு நோகும். அதோட ஓட ஏலுமே?"

டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "இதை எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது? சப்பாத்தைச் சரிபண்ணுங்கள். நோவு அடங்கினால் ஓடட்டும், அடங்காவிட்டால் வேண்டாம்" என்றார். அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்த கெட்ட செய்தியை யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. செல்வராணியின் சம்மதத்தோடு, கொழும்பு புறக்கோட்டையில் அண்ணன் வேலை செய்த புடவைக் கடைக்கு ஆஸ்பத்திரித் தொலைபேசியில் நானே பேசினேன். தங்கச்சிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அந்த மனிதர் பதறியது இன்னும் காதில் நிற்கிறது.

அண்ணன் முருகையா அடுத்த கிளினிக்குக்கு வந்தார். கடைச் சிப்பந்திகளுக்கே உரிய கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. விஷயத்தை மிஸ் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஈர்க்கை எடுத்தார். அடுத்த சோடி வாங்க உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தாராம். அதைச் சப்பாத்தின் மேல் வைத்துக் காட்டினார். இம்மியும் பிசகவில்லை.

"சரியாத்தானே மிஸ் வாங்கினேன்?"

மிஸ் செல்வராணியை எழுப்பித் தரையில் நிற்க வைத்தார். உட்கார்ந்திருக்கும்போது ஒடுங்கியிருக்கும் பாதம், உடம்புப் பாரம் ஏறியதும் நன்றாக விரிந்தது. முருகையா தங்கையின் காலடியில் குந்தினார். ஈர்க்கை நீளவாக்கில் வைத்தார். சரியாக இருந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, ஈர்க்கைக் குறுக்காகத் திருப்பி விரல்களின் அடியில் வைத்தார். பாதத்தின் அகலத்துக்கு அதை முறித்தார். முறித்த துண்டைச் சப்பாத்தின் அடியில் குறுக்காக வைத்தார். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

முருகையா சப்பாத்தைத் தூக்கித் தங்கையிடம் காட்டினார்.

"இதுக்குள்ள காலப் போட்டுக்கிட்டா புள்ள ஜெயிச்ச?" என்றார். "சொல்லியிருக்கலாமே தாயி."

"நீங்க வாங்கிக் குடுத்ததுண்ணே."

"அதுக்கு?" என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கத்தரிக்கோல் தாங்க சேர். நானே வெட்டுறேன்."

மிஸ் நீலப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார். புடவை வெட்டிப் பழகிய கை, கோணாமல் வெட்டியது. உள் அட்டையை உருவினோம். முண்டுக்கு மேலே இறுக்குகிற துளைகளை விட்டுவிட்டு நூலைக் கோத்தோம். செல்வராணி வெட்டிய ஓரத்தைத் தானே தைத்தாள். மாட்டிக்கொண்டு நடைபாதையில் போய் வந்தாள். பிறகு மெதுவாக ஓடினாள். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக அவள் தரையைப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் வீக்கம் வடிந்தது. முண்டு அப்படியே இருந்தது, அது போகாது. நோவு மட்டும் அடங்கியது. டொக்டர் தொட்டு, அழுத்திப் பார்த்துவிட்டு, ஓடலாம் என்றார்.

ஓட்ட நாளன்று நான் பேராதனை வீதி ஓரம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை தனக்குச் சமையல் இருக்கிறது என்று சொல்லியிருந்த மிஸ், கொஞ்சம் தள்ளி ஒரு குடைக்குக் கீழே நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். செல்வராணி முதலாவதாக வரவில்லை. முன்னணியில் ஓடிய சிலருக்குள் ஒட்டிக்கொண்டு வந்தாள். வலது சப்பாத்தின் வட்டத்துக்குள்ளிருந்து வெள்ளைப் பிளாஸ்டர் எட்டிப் பார்த்தது. பெருவிரல் தரையை உந்தியது, நன்றாகவே உந்தியது. அந்தப் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். மிஸ் குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி கை தட்டினார். அவர் கை தட்டி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

கொம்பனி அவளை எடுத்துக்கொண்டது. அகலச் சப்பாத்தும் கொடுத்தது. பல வருஷம் அவர்களுக்காக ஓடினாள். ஓடுவதை நிறுத்திய பிறகு, நடக்கும்போதும் நோவு வரத் தொடங்கியதால், அவசரமில்லாமல் ஒபரேஷன் செய்துகொண்டாள். எப்போது வெட்ட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதற்கு இளையவர்கள் இதைவிட நல்ல பாடம் கேட்க வேண்டாம்.

மிஸ் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். போன இடத்தில் சில வருஷத்துக்குப் பிறகு காலமானார். அவருக்கு நன்றி சொல்ல நான் ஒரு தடவை வாயெடுத்தேன். "சரி, சரி, போய் வேலையைப் பாரும்" என்றார். பார்த்தேன் மிஸ், கடைசி நாள் வரைக்கும் பார்த்தேன். உங்களிடம் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். அதை நேரில் சொல்லவிடாததால் இங்கே எழுதுகிறேன்.

என் கடைசி வேலை நாளில், புதுக் கட்டடத்தில், பிரியாவிடைக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வராணி வந்திருப்பதாகச் சொன்னார்கள். தலையில் நரை, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கூடவே மகள், பாடசாலை ஓட்டக்காரி. பாதணியோடு வரலாம் என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருந்தும் இருவரும் வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார்கள்.

"உள்ள வாங்க, இப்பல்லாம் போட்டுக்கிட்டே வரலாம்" என்றேன்.

"தெரியும் சேர். நீங்க ஊர்வலம் வரணும்னுதான் கழட்டினோம்" என்றாள். நாங்கள் இரகசியமாக வைத்த பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ! "இவ காலும் என் கால் மாதிரியே சாயப் பாக்குது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கு வச்சிருக்கிறது எங்க சொந்தச் சப்பாத்துதான்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். தாயின் செருப்பு. பக்கத்தில் மகளின் ஓட்டச் சப்பாத்து, அகன்ற முன்பக்கம், கழுவாதது, சேறு பட்டது, நாற்றமடிப்பது. உள்ளே ஐந்து விரலின் பள்ளமும் தெரிந்தது. பெருவிரலின் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆழம். என் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"என்ன சேர்?" என்றாள் பயந்து.

"கதைக்குது பிள்ளை" என்றேன். "வடிவாக் கதைக்குது."

என் வாயில் அது மிஸ்ஸின் தமிழில்தான் வந்தது.